கோமளாவின் இரண்டு மில்லிமீட்டர்

முத்தலிப் நானாவின் பட்டறைக்குக் கோமளா வந்து சேர்ந்தது டெலிபோன் எடுக்கும் வேலைக்கு. அந்த வேலைக்கு அவளைவிடப் பொருந்தாத ஆளை மலாக்கா மாநிலம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. மணி அடித்தால் எடுப்பாள். காதில் வைப்பாள். அந்தப் பக்கத்து ஆள் "ஹலோ, ஹலோ" என்று தொண்டை வறளக் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்புறம், "நானா இருக்காரு" என்பாள். நானா இல்லாத நேரமாக இருந்தால் அதுவும் கிடையாது.

"என்னா நானா, ஒங்க போன்ல பேய் இருக்கா? மூச்சு மட்டும் கேக்குது லா," என்று வாடிக்கைக்காரர்கள் நேரிலேயே வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் பக்கத்துக் கடையில் ரொட்டியும் தின்றுவிட்டுப் போனதால் அவளை வேலையிலிருந்து நிறுத்த நானாவுக்கு மனம் வரவில்லை. பக்கத்துக் கடை அவர் மனைவி ரபியாவுடையது.

பத்து பெரண்டாம் என்ற ஊரில், விமான நிலையத்துக்குப் போகிற சாலையோரக் கடைவரிசையில் இரண்டு கதவு பட்டறைக்கு, ஒரு கதவு ரொட்டிக்கு. தேய்ந்த என்ஜின்களைக் கடைந்து, தேய்த்து, மறுபடி ஓட வைப்பது நானாவின் தொழில். நடுவில் சுவர் இருந்தாலும் இந்தப் பக்கத்து என்ஜின் எண்ணெய் வாசமும் அந்தப் பக்கத்து மார்ஜரின் வாசமும் நாள் முழுக்கப் போய்ப் பேசிவிட்டு வரும்.

கோமளா டுரியான் துங்கால் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. பதினேழு வயதில் தொழிற்சாலைக்குப் போனாள். ஒன்பது வருடம் அங்கே அவளுக்கு ஒரே வேலை. விரல் நீளத்துக்கு இரும்புத் தண்டுகள் வரும்; ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் வைத்து, சரியானதை வலப்பக்கமும் தவறானதை இடப்பக்கமும் போட வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அவள் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமாக இருந்த இடம் அதுதான். பிறகு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள்.

பட்டறைக்கு வந்த மூன்றாவது வாரம், டெலிபோன் மேசையிலிருந்தபடி அவள் கிஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிஷன் பட்டறையின் பெரிய மெக்கானிக். கையும் வேகம், வாயும் வேகம். ஒரு லோரியின் கிராங்க் தண்டை அளந்துகொண்டிருந்தான். மைக்ரோமீட்டரைத் தண்ணீர்க் குழாயை மூடுவதுபோல் முறுக்கினான். கோமளா எழுந்து போனாள். ஒன்றும் சொல்லாமல் அவன் கையிலிருந்து அதை வாங்கினாள். துடைத்தாள். இரண்டு விரலால் மெல்லத் திருப்பி, 'டிக்' என்ற சத்தம் வந்ததும் நிறுத்தி, எண்ணைக் காட்டினாள்.

"அலாமாக்! போன் பேசாத அக்கா அளக்கிறாங்க லா!" என்றான் கிஷன்.

நானா தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை அளந்து பார்த்தார். கோமளா காட்டியதுதான் சரி. அன்று மாலையே டெலிபோன் சுவரைத் தாண்டி ரபியாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும், "ரொட்டியா, என்ஜினா?" என்ற கேள்விதான் முதலில் வரும். பட்டறையிலும் ஒரு புது வழக்கம் வந்தது. கோமளா அளந்து, "மூடலாம்" என்று சொல்லாமல் எந்த என்ஜினையும் மூடக்கூடாது.

"வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் பேசுறேன்," என்பான் அவள் புருஷன் வீராசாமி. மலாக்கா டவுனுக்கும் டுரியான் துங்காலுக்கும் பஸ் ஓட்டுகிறவன். "இங்க வந்து 'மூடலாம்'னு ஒரு வார்த்த பேசுறதுக்கு அவளுக்குச் சம்பளம் குடுக்குறீங்க. நான் எவ்ளோ பேசுறேன், எனக்கு யாரு குடுக்குறா?"

அப்படி அவள் மூடச் சொன்ன நூற்றுக்கணக்கான என்ஜின்களில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, கணேஸ்வரனின் ஜீப் வரும்வரை.

கணேஸ்வரன் தோட்டத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமையானால் அவன் வேறு ஆள். பழைய சின்ன ஜப்பான் ஜீப் ஒன்று வைத்திருந்தான். வருடத்துக்கு ஒருமுறை, செப்டம்பர் மாதத்தில், டுரியான் துங்காலுக்கு வெளியே செம்மண் வெட்டி எடுத்த பள்ளத்தில் ஜீப் பந்தயம் நடக்கும். சேறு, தண்ணீர், கடைசியில் செங்குத்தாக ஒரு மேடு. அதுவரை ஓடிய மூன்று வருடமும் கணேஸ்வரனின் ஜீப் அந்த மேட்டின் பாதியில் பெருமூச்சு விட்டு நின்றது. மூன்று வருடமும் டிராக்டர் வந்து இழுத்துப் போனது.

"அந்த டிராக்டர்காரன் போன வருஷம் என்னா கேட்டான் தெரியுமா? 'அண்ணே, இப்பவே கயிறு கட்டிடவா'ன்னு கேக்குறான் லா, பந்தயம் ஆரம்பிக்கவே இல்ல!" கணேஸ்வரன் நானாவிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான். "எனக்கு ஸ்ட்ரோக்கர் என்ஜின் வேணும் நானா."

அவன் கையில் ஆஸ்திரேலியாவிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த பழைய கார் பத்திரிகை ஒன்று இருந்தது. விஷயம் சொல்லச் சுலபம். என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிற தூரத்தைக் கூட்டுவது. ஓட்டை அதே ஓட்டைதான். ஆனால் பிஸ்டன் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கி ஏறினால் என்ஜின் ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிய மூச்சு இழுக்கும். மேட்டில் மூச்சு வாங்காது. அதற்கு, அதே கம்பெனி வேனின் பெரிய கிராங்க் தண்டை இந்தச் சின்ன என்ஜினுக்குள் உட்கார வைக்க வேண்டும். அது பிஸ்டனை நான்கு மில்லிமீட்டர் அதிகமாக மேலே தள்ளும், நான்கு மில்லிமீட்டர் அதிகமாகக் கீழே இழுக்கும்.

செய்யத்தான் சுலபமில்லை. கீழே போகும்போது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராட் தண்டு என்ஜின் பிளாக்கின் விளிம்பில் இடித்தது. கோமளா கையால் கிராங்கைச் சுற்றி, இடிக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். கிஷன் அந்தக் கோடுவரை பிளாக்கைத் தேய்த்தான். மேலே பிஸ்டன் வெளியே எட்டிப் பார்த்தது. அதற்குத் தலை குட்டையான பிஸ்டன் வேண்டும். கணேஸ்வரன் குலை ஏற்றப் போன ஊரிலெல்லாம் பழைய இரும்புக் கடைகளில் விசாரித்து, ஒரு வருடம் அலைந்து, ஒரே ஒரு செட், நான்கு பிஸ்டன், கொண்டுவந்தான்.

"இது போச்சுன்னா வேற கெடைக்காது அக்கா," என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கோமளாவின் மேசையில் வைத்தான், முட்டையை வைப்பதுபோல.

மிச்சமிருந்தது ஓர் அளவு. பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் வால்வு திறந்திருக்கும். இரண்டும் எதிரெதிரே வந்து தொடாமல் விலக வேண்டும். தொட்டால் வால்வு வளையும், பிஸ்டன் உடையும், ஒரு நொடியில் கதை முடிந்துவிடும். வேகமாகச் சுற்றும்போது எல்லாமே கொஞ்சம் நீண்டு ஆடும்; அதனால் நடுவில் இரண்டு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்றது பத்திரிகை. கோமளாவுக்கு ஆங்கில எழுத்து தடுக்கும். எண்ணும் படமும் தடுக்காது. பிஸ்டன் தலையில் களிமண் உருண்டையை வைத்து, வால்வுகள் இருக்கும் மேல்மூடியான ஹெட்டை மூடி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, திறந்து, வால்வு அமுக்கிய இடத்தில் களிமண்ணை வெட்டி அதன் தடிப்பை அளப்பதைப் படத்தில் காட்டியிருந்தார்கள்.

"புள்ளைங்க வெளையாடுற கலர் களிமண்ணு லா அது," என்றான் கிஷன். சீனர் புத்தகக் கடை அன்று பார்த்து அடைத்திருந்தது. பந்தயத்துக்கு நான்கு நாள்தான். கணேஸ்வரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். தட்டு நிறைய எண்ணெய் மினுமினுக்க பரோட்டாபோல வீசிச் சுடும் ரொட்டி சானாய்க்கான மாவு உருண்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"ரபியாக்கா! ரெண்டு கோசோங்!" வெறும் ரொட்டிக்கு அங்கே அதுதான் பேர்.

"கொழம்பு வேணுமா, சீனி வேணுமா?"

"ரெண்டும் வேணாம், சுடவும் வேணாம். என்ஜின் சாப்புடப்போவுது!"

பட்டறையே சிரித்தது. ஆனால் மாவு அழகாக வேலை செய்தது. எண்ணெய் இருந்ததால் ஒட்டவில்லை. ஹெட்டைக் கழற்றியபோது வால்வின் வட்டம் மாவில் அச்சாக இருந்தது. கோமளா பிளேடால் வெட்டி, வெர்னியரால் அளந்தாள். நான்கு பிஸ்டனிலும் இரண்டு புள்ளி இரண்டு.

"மூடலாமா அக்கா?" கிஷன் கேட்டான்.

"மூடலாம்."

வியாழக்கிழமை ஜீப்பில் என்ஜின் ஏறியது. முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. கிஷன் பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்தான். ரபியாவின் கடையில் தேநீர்க் கிளாசுகள் கிணுகிணுத்தன. கணேஸ்வரன் நானாவைக் கட்டிப் பிடித்ததில் நானாவின் வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் பதிந்தன.

வெள்ளிக்கிழமை காலை கோமளா வழக்கம்போல ரபியாவின் கடையில் பசியாற உட்கார்ந்தாள். பேசுகிறவர்கள் பேச்சைக் கவனிப்பார்கள். கோமளா கைகளைக் கவனிப்பாள். ரபியா ஓர் உருண்டையை எடுத்து உள்ளங்கையால் கல்லில் அமுக்கித் தட்டையாக்கினாள். யாரோ மிச்சச் சில்லறை கேட்டார்கள். கல்லாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, அதே மாவை மறுபடி அமுக்கினாள்.

ஏன் மறுபடி?

கோமளா ரொட்டியை விட்டுவிட்டு எழுந்து பார்த்தாள். ரபியா அடுத்த உருண்டையை அமுக்கினாள். கை எடுத்ததும் மாவு மெதுவாக, தூங்கி எழுகிறவன்போல, விளிம்பை உள்ளே இழுத்துக்கொண்டு உப்பியது.

கோமளா புதன்கிழமை என்ஜினுக்குள் வைத்த மாவை நினைத்தாள். ஹெட்டைக் கழற்ற அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் மாவு உள்ளே சும்மா இருந்திருக்குமா? அவள் அளந்தது என்ஜினின் இடைவெளியை இல்லை. மாவு எவ்வளவு உப்பியது என்பதை.

பட்டறைக்குள் கணேஸ்வரன் ஜீப்பின் கதவில் எண் ஒட்டிக்கொண்டிருந்தான். கிஷன் விசிலடித்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டால்? ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. சொன்னால், அவள் சொன்ன 'மூடலாம்' தப்பு என்று ஆகிவிடும். இனி அந்த வார்த்தையை யார் நம்புவார்கள்? மறுபடி டெலிபோன் மேசைதான். அவள் பட்டறைக் கதவுவரை போனாள். முட்டையைப்போல மேசையில் வைக்கப்பட்ட நான்கு பிஸ்டன்தான் கண்ணுக்குள் நின்றது.

"நானா," என்றாள். "நான் அளந்தது தப்பு. தொறக்கணும்."

விசில் நின்றது.

"என்னா அக்கா வெளையாடுறீங்களா?" கிஷன் பாய்ந்து வந்தான். "ஓடுது லா! காது கேக்கலையா? நாளான்னைக்கிப் பந்தயம்! மாவு வச்சிப் பாத்தோம், ரெண்டு புள்ளி ரெண்டு, நீங்கதானே சொன்னீங்க!"

"நான்தான் சொன்னேன்."

"அப்பறம் என்னா?"

வாயால் சொல்லிப் புரியவைக்க அவளால் ஆகாது. ரபியாவிடம் ஒரு மாவு உருண்டை வாங்கினாள். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, ஓரங்களில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தகட்டுத் துண்டுகளைச் சொருகி, இடுக்கியில் இறுக்கினாள். இனி மாவு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வழியில்லை. பிறகு இடுக்கியைத் தளர்த்தி, மேல் தகட்டை எடுத்துவிட்டுக் கைகட்டி நின்றாள்.

"எவ்ளோ நேரம் நிக்கணும்?" என்றான் கணேஸ்வரன்.

"அர மணி."

மூன்று ஆண்கள் ஒரு ரொட்டி மாவைச் சுற்றி அரை மணி நேரம் நின்றார்கள். கார் எடுக்க வந்த ஒரு சீனர், ஏதோ பூசை என்று நினைத்து ஒதுங்கி நின்றார். நேரம் ஆனதும் கோமளா மாவை வெட்டி, அளந்து, வெர்னியரை நானாவிடம் நீட்டினாள்.

"ஒன்னு புள்ளி ஒம்போது," என்று படித்தார் நானா. கண்ணாடியைக் கழற்றினார். "யா அல்லா. நாம அளந்ததுல பாதி காத்து." கிஷனைத் திரும்பிப் பார்த்தார். "கழட்டு தம்பி."

அடுத்த சிக்கல், இப்போது எதை வைத்து அளப்பது என்பது. ரபியாதான் சொன்னாள். "இழுக்குறது கோதும மாவு. அரிசி மாவு இழுக்காது. இடியாப்பத்துக்குப் பெசஞ்சது இருக்கு, பாக்குறீங்களா?"

கோமளா அதையும் முதலில் தகட்டுக்கு நடுவில் வைத்து இறுக்கிப் பார்த்தாள். அரை மணிக்குப் பிறகும் வைத்த இடத்தில் வைத்தபடி, ஒரு மில்லிமீட்டராகவே கிடந்தது. அதன் பிறகே அதை என்ஜினுக்குள் விட்டாள்.

ஆனால் ஹெட்டைத் திறந்ததுமே, மாவு வைப்பதற்கு முன்பே, பதில் தெரிந்துவிட்டது. மூன்றாவது பிஸ்டனின் தலையில் நகக்கண் அளவுக்கு ஒரு கோடு பளபளத்தது. வியாழக்கிழமை கிஷன் ஓங்கி மிதித்த அந்த ஒரு மிதியில் வால்வு வந்து தொட்டுவிட்டுப் போயிருந்தது.

"பிறை மாதிரி இருக்கு," என்றார் நானா.

கிஷன் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

அரிசி மாவு மூன்று பிஸ்டனில் ஒன்று புள்ளி ஒன்று காட்டியது. மூன்றாவதில் ஒரு மில்லிமீட்டரும் இல்லை. பிஸ்டன்களை வெளியே எடுத்து, வால்வுக்கு எதிரே இருக்கும் குழியை இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழப்படுத்த வேண்டும். அதிகமாக வெட்டினால் பிஸ்டன் தலை மெலிந்து ஓட்டையாகிவிடும். கோமளா தலையின் கனத்தை உள்ளும் புறமும் அளந்து, தாங்கும் என்று தலையாட்டினாள். நானா ஜும்ஆ தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தானே இயந்திரத்தில் நின்றார். ஒரு பிஸ்டன் வெட்டி முடிந்ததும் நிறுத்தி அவளிடம் கொடுப்பார். அவள் அளந்து திருப்பிக் கொடுப்பாள். "இன்னும் ஒரு முடி" என்பாள். அவர் ஒரு முடி எடுப்பார்.

சனிக்கிழமை மதியம் கடைசித் தடவையாக அரிசி மாவு உள்ளே போய் வெளியே வந்தது. நான்கிலும் இரண்டு புள்ளி மூன்றுக்குக் குறையவில்லை. மூன்று ஆண்களும் அவள் வாயையே பார்த்தார்கள். கோமளா வெர்னியரைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்தாள். அதற்குப் பிறகும் ஒருமுறை அளந்தாள்.

"அக்கா, மாவு காயுது," என்றான் கிஷன், மெதுவாக.

"மூடு."

ஞாயிற்றுக்கிழமை செம்மண் பள்ளத்தைச் சுற்றிக் கூட்டம். மலாய்க்காரர்கள், சீனர்கள், தோட்டத்து ஜனம் எல்லாரும் குடையும் ஐஸ் தண்ணியுமாக நின்றார்கள். வீராசாமி லீவு போட்டுவிட்டு வந்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடமெல்லாம், "பதினாலாம் நம்பர் என்ஜின் எங்க வீட்டம்மா அளந்தது," என்று சொல்லிக்கொண்டிருந்தான். கோமளா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தபடியே இருந்தாள்.

பதினோரு ஜீப்புகள். மூன்று சுற்று. முதல் சுற்றில் பதினாலாம் நம்பர் அந்த மேட்டில் ஏறியபோது டிராக்டர்காரன் எழுந்து நின்று பார்த்தான். கணேஸ்வரன் நிற்காமல் உச்சியைத் தாண்டினான். தோட்டத்து ஜனம் போட்ட சத்தத்தில் மைக்கில் பேசியவன் குரல் அமுங்கிப்போனது. இரண்டாவது சுற்று முடிவில் அவனுக்கு முன்னால் ஒரே ஒரு ஜீப்தான் இருந்தது.

மூன்றாவது சுற்றில், மேட்டின் அடிவாரத்தில், 'டமார்' என்று ஒரு சத்தம்.

ஜீப் நின்றது. ஜனம் அப்படியே அடங்கியது. கிஷன் திரும்பி முதலில் பார்த்தது ஜீப்பை இல்லை, கோமளாவை. நானாவும் அவளைத்தான் பார்த்தார்.

கோமளா கண்ணை மூடிக்கொண்டாள். பயத்தில் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்குக் கீழே, சேற்றுக்குள்ளிருந்து, சீராக, ஒரு பிசிறும் இல்லாமல் இன்னொரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"என்ஜின் இல்ல!" அவள் கத்தியே விட்டாள். "என்ஜின் ஓடுது! பின்னால ஆக்சில் ஒடஞ்சிருக்கு!"

முன்னால் நின்றவர்களெல்லாம் யார் கத்தியது என்று திரும்பிப் பார்த்தார்கள். கணேஸ்வரனும் அதைத்தான் கண்டுபிடித்திருந்தான். பின் சக்கரத்துக்குப் போகிற தண்டு, பெரிய என்ஜினின் இழுப்பைத் தாங்காமல் கரும்பு மாதிரி முறிந்திருந்தது. அவன் கியரை முன் சக்கரங்களுக்கு மாற்றினான். பின்பக்கம் சேற்றில் இழுபட, முன்னிரண்டு சக்கரத்தால் மட்டும் அந்த மேட்டை நகர்ந்து நகர்ந்து ஏறியது ஜீப். ஆறு ஜீப்புகள் அவனை முந்திக்கொண்டு போயின. டிராக்டர்காரன் கயிற்றோடு இறங்கி வந்தான். "போய்யா!" என்று கணேஸ்வரன் ஜன்னல் வழியாகக் கத்தியது கூட்டம்வரை கேட்டது.

எட்டாவதாக வந்து சேர்ந்தான். முதல் பரிசு வாங்கியவனைச் சுற்றி நின்றதைவிட அவனைச் சுற்றித்தான் கூட்டம். அவன் முகத்தில் கண்ணைத் தவிர எல்லாம் செம்மண். என்ஜினை நிறுத்தாமலே கீழே குதித்தான்.

"அக்கா! ஆக்சில் போனா போவட்டும், அது கடையில கெடைக்கும். நீங்க ஏறுங்க, நீங்கதான் நிறுத்தணும்."

"அய்யோ, நான் வேணாம்," என்றாள் கோமளா. அவள் வண்டி ஓட்டிப் பழகியவள் இல்லை. ஆனால் வீராசாமி பின்னாலிருந்து தள்ளினான். நானா கதவைத் திறந்து பிடித்தார். சேறு அப்பிய சீட்டில் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாவியில் கை வைத்தாள். உடனே திருப்பவில்லை. கிஷன் பக்கத்தில் குனிந்து, "எது பெடல் தெரியுமா அக்கா?" என்றான். அவள் தெரியும் என்று தலையாட்டினாள். இரண்டு வருடமாக அவன் காலைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறாள்.

பெடலை மெதுவாக அழுத்தினாள். சத்தம் ஏறியது. இன்னும் அழுத்தினாள். சத்தம் மேலே போகப் போகத் தலையைச் சாய்த்து, முதல் வால்விலிருந்து கடைசி வால்வுவரை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"போதும் அக்கா! போதும் லா!" என்று கிஷன் அலறினான்.

கோமளா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். திருப்தியாக இருந்தது. பிறகுதான் சாவியைத் திருப்பினாள்.